மாணவர் இருக்கையில் பத்து நிமிடம்

என்னுடைய வேலை என்னவென்று அம்மாவுக்குப் புரியவைக்க ரொம்ப நாளானது. “வாத்தியாருக்கே வாத்தியாரா நீ?” என்பார். அப்படியெல்லாம் இல்லை. பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் இணையத்தில் பாடம் நடத்த உதவுகிற பிரிவில் இருக்கிறேன். ஜூம், கேன்வாஸ் என்கிற பாடத் தளம், காணொளிப் பதிவு, இணைய வினாடிவினா என்று பயிலரங்கு நடத்துவதுதான் வேலை.

2020 பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை. சிங்கப்பூரில் கொவிட் நோய்ப்பரவல் எச்சரிக்கை ஆரஞ்சு நிலைக்கு உயர்ந்த அன்று மாலை ஊரே பேரங்காடிகளில் அரிசிக்கும் மீ (நூடுல்ஸ்) பாக்கெட்டுக்கும் வரிசை பிடித்தது. எங்கள் பிரிவிலோ தொலைபேசி ஓயவில்லை. பெரிய விரிவுரைகள் இணையத்துக்கு மாற வேண்டும், அதுவும் உடனடியாக. ஏப்ரல் 7 அன்று நோய்ப்பரவலை முறியடிக்கும் திட்டம் என்கிற ஊர் முடக்கம் தொடங்கியதும் மிச்சமிருந்த வகுப்புகளும் வீட்டுக்குள் வந்துவிட்டன.

அந்த வாரங்களில் நான் செய்த பிழையை இங்கே எழுதிவைக்க வேண்டும். இரண்டு மணி நேரப் பயிலரங்கு முழுக்கப் பொத்தான்களைக் காட்டினேன். இதை அழுத்தினால் திரை பகிரப்படும், இதை அழுத்தினால் மாணவர்கள் சிறு குழுக்களாகப் பிரிவார்கள். எல்லாரும் குறிப்பெடுத்தார்கள், நன்றி சொன்னார்கள். அப்புறம் அவர்களுடைய வகுப்புகளை எட்டிப் பார்த்தால், அரங்கில் பேசிய அதே இரண்டு மணி நேர விரிவுரை, சின்னச் சின்ன எழுத்தாய் நிறைந்த அதே ஸ்லைடுகள். பொத்தான் எல்லாம் சரியாகத்தான் அழுத்தியிருந்தார்கள். பாடம் மட்டும் மாணவரிடம் போய்ச் சேரவில்லை.

வழி காட்டியவர் தமிழ் இலக்கியம் நடத்தும் ஒரு பகுதிநேர விரிவுரையாளர். அறுபது வயதைத் தாண்டியவர். பகலில் வேலை பார்த்துவிட்டு இரவு 7 மணி வகுப்புக்கு வருகிறவர்கள்தான் அவருடைய மாணவர்கள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, “ஏம்மா, நான் பேசுறது அந்தப் பக்கம் எப்படிம்மா தெரியுது? ஒரு தடவை எனக்குக் காட்டேன்” என்றார். அதுவரை யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

“சார், உங்க கைப்பேசியில மாணவரா உள்ளே வாங்க. நான் உங்க ஸ்லைடை நடத்துறேன்” என்றேன். வந்தார். பத்து நிமிடம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “எழுத்தே படிக்க முடியலைம்மா. பாதி பேரு ரயில்லதானே பார்ப்பாங்க?” என்றார். உண்மைதான். அவருடைய மாணவி ஒருவர் உட்லண்ட்ஸ் ரயில் நிலையத்தில் இறங்கும்வரை ஒரு காதில் மட்டும் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு வகுப்பில் இருப்பார்.

இரண்டு வாரத்தில் அவர் வகுப்பு வேறு உருவம் எடுத்தது. விரிவுரையைத் துண்டு துண்டாகப் பிரித்து முன்கூட்டியே பதிவு செய்தோம், ஒவ்வொன்றும் ஆறு நிமிடத்துக்குள். இந்த ஆறு நிமிடக் கணக்கு என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. எட்எக்ஸ் என்கிற இணையக் கல்வித் தளத்தில் ஏறக்குறைய 69 லட்சம் முறை காணொளி பார்க்கப்பட்ட விவரங்களை அலசி 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. எவ்வளவு நீளமான காணொளியாக இருந்தாலும் மாணவர்களில் பாதிப் பேராவது ஆறு நிமிடத்துக்கு மேல் தாங்குவதில்லை என்று அதில் தெரிந்தது. சாருக்கு இது முதலில் வருத்தம்தான். “ஒரு பாட்டை ஆறு நிமிஷத்துல எப்படிம்மா?” பாடலைச் சுருக்க வேண்டாம் சார், திணை ஒரு துண்டு, உவமை ஒரு துண்டு என்று வையுங்கள் என்றேன். நேரடி வகுப்பு பேசுவதற்கு மட்டும் என்று ஆனது.

ஆனால் யாரும் பேசவில்லை. “புரியுதா?” என்பார், அடுத்த நொடியே தானே பதில் சொல்லிவிடுவார். அவர் மட்டுமல்ல, ஆசிரியர்கள் பெரும்பாலும் அப்படித்தான். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று நொடியாக்கினாலே மாணவர்களின் பதில் நீள்கிறது என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களிலேயே எழுதிவிட்டார். இணையத்தில் மைக்கைத் திறக்கவே மூன்று நொடி போய்விடும். பத்து வரை மனதுக்குள் எண்ணுங்கள் என்று எல்லாரிடமும் சொல்வேன். சார் விரல் விட்டு எண்ணுவது திரையில் தெரியும்.

அடுத்த முட்டுக்கட்டை தமிழ்த் தட்டச்சு. சாட்டில் பாதிப் பேர் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதினார்கள். சாருக்கு அது பொறுக்கவில்லை. எனக்கும்தான். இந்த ஊரில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் தேசிய கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த நா. கோவிந்தசாமி, 1990-களிலேயே தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டவர். 1997-இல் தமிழ் இணைய மாநாடு இங்கேதான் நடந்தது. அப்படிப்பட்ட ஊரில் தமிழ் இலக்கிய வகுப்பில் தமிழ் எழுத்து இல்லாமல் போகலாமா? ஒரு வகுப்பின் முதல் இருபது நிமிடத்தைக் கேட்டு வாங்கி, எல்லார் கைப்பேசியிலும் தமிழ் விசைப்பலகையைச் சேர்க்க வைத்தேன். பிறகு ஒரே ஆவணத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டார் சார். ஐந்து வரிச் சங்கப் பாடல் ஒன்று. குழுவுக்கு ஒரு வரி, தங்கள் சொற்களில் பொருள் எழுத வேண்டும். அரங்க வகுப்பில் வாயே திறக்காத தாதி (செவிலியர்) ஒருவர் முதலில் எழுத ஆரம்பித்தார். எழுத்து ஒவ்வொன்றாகத் திரையில் முளைத்து வருவதைச் சார் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து என்ன, ஐம்பது வரைகூட எண்ணியிருப்பார்.

இப்போது என் பயிலரங்கில் பொத்தான்கள் கடைசி அரைமணி நேரத்தில்தான் வரும். முதலில் எல்லாரும் கைப்பேசி வழியாக மாணவராக நுழைய வேண்டும். அவர்களுடைய பாடத்தையே நான் நடத்துவேன், அவர்கள் நடத்தும் விதத்திலேயே. சிலருக்குச் சங்கடமாக இருக்கிறது, தெரியும். ஒரு பொறியியல் பேராசிரியர் நான்காவது நிமிடத்திலேயே, “போதும், நிறுத்துங்க, எனக்கே தலை சுத்துது” என்றார். பலகையில் படிப்படியாகச் சமன்பாடு வருவிப்பவர் அவர். அதை அழகான ஸ்லைடாக மாற்றச் சொல்லி முன்பு பாடாய்ப் படுத்தியது நான்தான். ஒரு தாள், ஒரு பேனா, மேலிருந்து கீழே பார்க்கும் கேமரா, இவை போதும் அவருக்கு. அவர் கை எழுதிக்கொண்டே போகும் வேகம்தான் மாணவர் யோசிக்கும் வேகம்.

வரும் வியாழக்கிழமை புதிதாகச் சேர்ந்த பகுதிநேர விரிவுரையாளர்கள் பதினான்கு பேர் வருகிறார்கள். மடிக்கணினி வேண்டாம், கைப்பேசியை முழுசாகச் சார்ஜ் செய்து எடுத்து வாருங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். முதல் பத்து நிமிடத்தை நடத்தித் தரச் சாரைக் கேட்டிருக்கிறேன். “வர்றேம்மா” என்றார்.