எலும்பு கூடிவிட்டது, கை வரவில்லை

மாவுக்கட்டு பிரித்த அன்று டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லா கூடிருச்சும்மா" என்றார். நான் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கைக்குக் கீழே விறகுக்குச்சி மாதிரி மெலிந்து, தோல் செதில் செதிலாக உரிந்து, விரல்கள் மட்டும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொன்னார். நடுவிரல் வரைகூடப் போகவில்லை.

விழுந்தது ஐப்பசி மழையில். துணி எடுக்க மொட்டை மாடிக்கு ஓடினேன், பாசி வழுக்கியது, வலது கையை ஊன்றினேன், அவ்வளவுதான். மணிக்கட்டு முள்கரண்டியைக் கவிழ்த்து வைத்த வடிவத்தில் வளைந்து நின்றது. இதற்குக் கோலிஸ் முறிவு என்று பெயர். டப்ளினில் இருந்த ஆபிரகாம் கோலிஸ் என்ற அறுவை மருத்துவர் 1814-லேயே இதை விவரித்து எழுதிவிட்டார். எக்ஸ்ரே கண்டுபிடித்தது 1895-ல். அந்த மனிதர் வெறும் கையால் தடவிப் பார்த்தே சொல்லியிருக்கிறார்.

கட்டுப் போட்டு அனுப்பும்போது நர்ஸ் சொன்னார்: "விரலை மடக்கி மடக்கி நீட்டுங்க, தோளைத் தூக்கி இறக்குங்க, கையைத் தொங்கவிடாம உயரமா வைங்க." காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்தால் அத்தை, "ஆட்டுனா எலும்பு விலகிரும், அசையாம வச்சுக்கோ" என்றார். வலிக்கிற கைக்கு இதைவிட இனிப்பான வார்த்தை உண்டா? ஆறு வாரமும் தூளியில் குழந்தையைப் போட்ட மாதிரி கையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, உளுந்தங்களி சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கட்டுப் போடாத தோளும் இறுகியது அப்படித்தான், அத்தையைக் குறை சொல்லி என்ன பயன், எனக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது.

கட்டுப் பிரித்த இரண்டாவது வாரம் எரிச்சல் தொடங்கியது. முறிந்த வலி எனக்குத் தெரியும், இது அது இல்லை. மின்விசிறிக் காற்று பட்டால் மிளகாய் அரைத்த கை மாதிரி காந்தியது. போர்வை நுனி உரசினால் தூக்கிவாரிப் போட்டது. காலையில் கை சிவந்து சூடாக இருக்கும், சாயங்காலம் நீலம் பாரித்துச் சில்லென்று ஆகிவிடும், உள்ளங்கை மட்டும் வியர்த்து ஒழுகும். "நீ ரொம்பதான் பண்ற" என்று வீட்டில் ஒருவர் சொன்னார். யார் என்று சொல்ல மாட்டேன், அவரும் இதைப் படிப்பார்.

வேறொரு டாக்டரிடம் காட்டியபோது சி.ஆர்.பி.எஸ். (காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம்) என்றார். பழைய பெயர் சுடெக் நோய், 1900-ல் பால் சுடெக் என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதியதிலிருந்து வந்தது. அடிபட்ட இடம் ஆறிய பிறகும் நரம்பும் மூளையும் அபாய மணியை நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருக்கும் நிலைமை. ரத்தப் பரிசோதனையில் இது தெரியாது. அடிபட்டதற்குப் பொருந்தாத அளவு வலி, நிற மாற்றம், வீக்கம், வியர்வை, அசைவுக் குறைவு என்று அடையாளங்களைப் பார்த்துதான் சொல்கிறார்கள். "கையைச் சும்மா வச்சிருந்தா குணமாகாது, வேலை கொடுக்கணும்" என்று பிசியோவுக்கு அனுப்பினார்.

பிசியோ பெண் என் மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். முதல் நாள் கோணமானியை வைத்து அளந்தாள். மணிக்கட்டைப் பின்னால் வளைக்க 10 டிகிரி. சாதாரணமாக 70 வரை வரும். உள்ளங்கையை மேலே திருப்பினால் 20, அதற்கு மேல் முழங்கையே சேர்ந்து சுற்றியது. "சில்லறை வாங்குறது எப்படிக்கா?" என்று கேட்டாள். அன்று பஸ்ஸில் கண்டக்டர் கொடுத்த ஐந்து ரூபாய்க் காசு என் கையிலிருந்து சரிந்து சீட்டுக்கடியில் ஓடியதை அவளிடம் நான் சொல்லவே இல்லை.

இழுத்து மடக்கிப் படுத்துவாள் என்று பயந்து போனேன். அவள் முதலில் தொடக்கூட இல்லை, ஒரு கண்ணாடியைத்தான் எடுத்தாள். மேஜை நடுவில் நிறுத்தி, வலது கையை அதன் பின்னால் மறைத்து, இடது கையை முன்னால் வைத்து, கண்ணாடிக்குள் பார்த்தபடி இடது விரல்களை மெதுவாக மடக்கச் சொன்னாள். கண்ணாடியில் தெரிவது என் வலது கை. வலியில்லாமல் மடங்குகிறது! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கை கால் இழந்தவர்களுக்கு, இல்லாத கை வலிக்கிறதே, அந்த வலிக்காக 1990-களில் இந்தக் கண்ணாடி வித்தையைக் கொண்டுவந்தவர் வி.எஸ். ராமச்சந்திரன், நம்ம சென்னை ஸ்டான்லியில் படித்தவர். எல்லோருக்கும் கேட்கும் மருந்து இல்லை என்று அவளே சொல்லிவிட்டாள், எனக்குக் கேட்டது.

அதற்கப்புறம் தொடுதல் பழக்கம். பஞ்சு, பட்டுத்துணி, துண்டு, கடைசியில் அரிசிப் பாத்திரத்துக்குள் கையை விட்டுத் துழாவுவது. பச்சரிசி குத்தியது, பாசிப்பயறு பரவாயில்லை. பிறகு சப்பாத்தி மாவைப் பிசைந்து பிசைந்து பிடி கூட்டுவது. உள்ளங்கை திரும்புவதற்குப் பூரிக்கட்டை. ஒரு முனையைப் பிடித்து நிமிர்த்தி, முழங்கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்க்க வேண்டும். கட்டையின் பாரமே கையைத் திருப்பிவிடும். மணிக்கொரு தரம் பத்துப் பத்து. வீங்கினால் குறை, ஆனால் நிறுத்தாதே.

சித்தி வந்து, எண்ணெய் போட்டு அழுத்தி நீவினால் ஒரே வாரத்தில் சரியாகும் என்றார். பிசியோ பெண்ணிடம் கேட்டேன். பதறிவிட்டாள். முக்கியமாக முழங்கை முறிந்த குழந்தைகளுக்கு அப்படி முரட்டுத்தனமாக நீவினால் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு பூட்டிக்கொள்ளுமாம்.

இன்னொன்றும் சொன்னாள். புதுக் கட்டுக்குள் வலி ஏறிக்கொண்டே போய், விரல் மரத்து, வெளுத்தோ நீலமாகவோ ஆகி, விரலை நீட்டினால் உயிர் போகிற மாதிரி வலித்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, ராத்திரியோ பகலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடிக் கட்டைத் தளர்த்த வேண்டும். சில மணி நேரம் ரத்தம் போகாவிட்டால் தசை செத்துக் கை கொக்கி மாதிரி மடங்கிப்போகும்.

ஐந்து மாதம் ஆகிறது. மணிக்கட்டு 55, உள்ளங்கை 70. துணி பிழிகிறேன், கோலம் போடுகிறேன், குளிர் நாளில் மட்டும் விரல் நுனி கொஞ்சம் காந்துகிறது. ஊறுகாய் ஜாடி மூடியை இன்னும் வீட்டுக்காரர்தான் திறக்கிறார். போன வெள்ளிக்கிழமை கோவிலில் குருக்கள் திருநீறு கொடுத்தபோது வலது கையை நீட்டினேன். பாதி நின்றது, பாதி புடவையில்.