வலிப்பு இல்லை, மயக்கம்: டில்ட் டேபிளில் நான் தெரிந்துகொண்டது

மூன்று வருடம் வலிப்பு மாத்திரை சாப்பிட்டேன். எனக்கு வலிப்பே இல்லை என்று போன வருடம்தான் தெரிந்தது. என்னைப்போல இன்னும் யாராவது இருப்பார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டு நேரம் போக இரவு ஒன்பது வரைக்கும் கால் மேல்தான். முதல் தடவை விழுந்தது ஆடித் தள்ளுபடி சமயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொட்டாவி கொட்டாவியாக வந்தது. வயிற்றைப் புரட்டியது. உள்ளங்கை நனைந்து, புடவையில் ஈரம் படக் கூடாதே என்று முந்தானையில் துடைத்துக்கொண்டேன். எதிரே இருந்த அம்மா பேசுவது கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல இருந்தது. அதற்கப்புறம் நினைவில்லை.

மற்றதெல்லாம் கூட வேலை பார்ப்பவர்கள் சொன்னது. விழுந்த என்னைத் தூக்கி ஸ்டூலில் உட்காரவைத்து இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்களாம். கை கால் வெட்டி வெட்டி இழுத்ததாம். யாரோ ஓடிப்போய் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து என் கையில் திணித்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி, "கை கால் இழுத்துச்சா?" ஆமாம் என்றார்கள். தலை ஸ்கேனிலும், மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி.யிலும் ஒன்றும் இல்லை. இருந்தாலும் வலிப்பு என்று சொல்லி மாத்திரை எழுதிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தை வீட்டுக்குள் வந்ததும் எல்லாம் மாறிப்போனது. ஸ்கூட்டியைத் தொடவிடவில்லை. என் பெண்ணை நான் தனியாகக் குளிப்பாட்டினால் மாமியார் வாசலில் வந்து நின்றுகொள்வார். அவர் பயம் நியாயம்தான், ஆனால் எனக்கு வலித்தது.

மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே இன்னும் இரண்டு தடவை விழுந்தேன். ஒன்று ரேஷன் கடை வரிசையில். இன்னொன்று ரத்தம் எடுக்க ஊசி குத்தியபோது. அதற்கப்புறம்தான் வேறு ஒரு இதய மருத்துவரிடம் போனோம். அவர் கேட்டார்: "விழறதுக்கு முன்னாடி என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க? நின்னுட்டா, உட்கார்ந்தா, படுத்தா?" மூன்று வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. கொட்டாவி, வயிற்றுப் புரட்டல், வியர்வை என்று நான் வரிசையாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே வந்தார். முதலில் ஈ.சி.ஜி., எக்கோ எடுத்து இதயத்தில் கோளாறு இல்லை என்று பார்த்துவிட்டு, டில்ட் டேபிள் டெஸ்டுக்கு நாள் குறித்தார். படுக்கவைத்த மேசையை அப்படியே நிமிர்த்தி, மயக்கம் வருகிறதா என்று பார்க்கும் சோதனை அது.

வெறும் வயிற்றோடு போனேன். அரையிருட்டான சின்ன அறை. மார்பில் ஈ.சி.ஜி. ஒட்டிகள், விரலில் துடிப்புக்குத் துடிப்பு ரத்த அழுத்தம் காட்டும் ஒரு பட்டை. முதலில் படுத்தபடியே ஒரு மூச்சுப் பரிசோதனை. ஐந்து விநாடி இழுக்க வேண்டும், ஐந்து விநாடி விட வேண்டும், நிமிடத்துக்கு ஆறு மூச்சு. திரையைப் பார்த்தேன். இழுக்கும்போது நாடி 86-க்கு ஏறுகிறது, விடும்போது 66-க்கு இறங்குகிறது. எனக்குத் தெரியாமல் எனக்குள் இத்தனை நாளாக நடந்துகொண்டிருந்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். மூச்சை விடும்போது இதயத்தை அப்படி இழுத்துப் பிடிப்பது மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பாம். நரம்புகளே இல்லாவிட்டால் இதயம் நிமிடத்துக்கு 100 வாக்கில் தானாகத் துடிக்குமாம், மாற்று இதயம் பொருத்தியவர்களுக்குச் சும்மா இருக்கும்போதும் நாடி அதிகமாக இருப்பது நரம்பு அறுபட்டுப்போவதால்தானாம். சர்க்கரை வியாதியில் இந்த நரம்பு கெட்டுப்போனால் ஏற்ற இறக்கம் குறைந்துவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பத்துக்குக் கீழே போனால் கோளாறு. எனக்கு 20, நரம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்றார் டெக்னீஷியன் தம்பி.

அப்புறம் மார்பிலும் முழங்காலிலும் பெல்ட் போட்டு, கால் பலகையில் பாதம் படும்படி மேசையை 70 டிகிரிக்கு நிமிர்த்தினார்கள். "கால அசைக்காதீங்கக்கா, பேசாதீங்க" என்றார் தம்பி. 20 நிமிடம் ஒன்றுமே ஆகவில்லை. ஆகவில்லையே என்று எனக்குப் பயம் வந்தது. இங்கேயும் ஒன்றும் இல்லை என்றால் மறுபடி அந்த மாத்திரைதானே? நாக்குக்கு அடியில், ரத்தக்குழாய்களைத் தளர்த்தும் நைட்ரோகிளிசரின் ஸ்ப்ரே அடித்தார்கள். மண்டை கனத்தது. 27-வது நிமிடம் ஒரு கொட்டாவி. அதே கொட்டாவி. "தம்பி, வருது" என்றேன்.

கண்ணைத் திறந்தபோது படுத்திருந்தேன். மேசையைக் கிடத்திய சில விநாடிகளிலேயே விழித்துவிட்டேனாம். மருத்துவர் காகிதத்தை நீட்டி விரலால் காட்டினார். 118-ல் இருந்த அழுத்தம் 54-க்கு விழுந்திருக்கிறது. 104 வரை ஏறிய நாடி 32. நடுவில் நான்கு விநாடி துடிப்பே இல்லாமல் வெறும் கோடு. "இப்பவும் உங்க கை இழுத்துச்சு. இது வலிப்பு இல்லம்மா" என்றார். நான் அழுதுவிட்டேன்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன். நாம் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடும். கழுத்துத் தமனியில் இருக்கும் உணரிகள் அழுத்தம் குறைவதைக் கண்டு மூளையின் அடியில் இருக்கும் முகுளத்துக்குத் தகவல் அனுப்பும். உடனே, உடம்பை முடுக்கிவிடும் பரிவு நரம்புகள் ரத்தக்குழாய்களை இறுக்கி, இதயத்தை விரட்டும். நாம் நினைத்துச் செய்வது எதுவும் இதில் கிடையாது, தானியங்கி நரம்பு மண்டலத்தின் வேலை. எனக்கு நெடுநேரம் நின்றாலோ ஊசி குத்தினாலோ இந்த ஏற்பாடு திடீரென்று தலைகீழாகிறது. பரிவு நரம்பு கைவிடுகிறது, வேகஸ் ஓங்குகிறது. குழாய்கள் தளர்ந்து நாடியும் இறங்கிவிடுகிறது. மூளைக்கு ஆறு முதல் எட்டு விநாடி ரத்தம் போகாவிட்டால் போதும், நினைவு தப்பிவிடும். கை கால் இழுப்பதும் ரத்தம் போகாததால்தான். 1994-ல் ஜெர்மனியில் ஆரோக்கியமானவர்களை வேண்டுமென்றே மயங்கவைத்து வீடியோ எடுத்திருக்கிறார்கள். முழுதாக மயங்கியவர்களில் 90 சதவீதம் பேருக்குக் கை கால் வெட்டி இழுத்ததாம்.

கீழே விழுந்து படுத்துவிட்டாலே ரத்தம் மூளைக்குத் திரும்பிவிடும். அன்றைக்குக் கடையில் என்னைத் தூக்கி உட்காரவைத்துப் பிடித்திருந்ததால்தான் இழுப்பு நீண்டது. அவர்கள் பாசத்தோடு செய்ததுதான். ஆனால் இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்: மயங்கி விழுந்தவரைத் தூக்காதீர்கள். படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள்.

வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. நரம்பு மருத்துவர் பார்த்து, சில மாதங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். எனக்கு ரத்த அழுத்த நோய் இல்லாததால் உப்பும் தண்ணீரும் கூட்டச் சொன்னார்கள் (எல்லோருக்கும் இது பொருந்தாது). கொட்டாவி வந்தால் காலைப் பின்னிக்கொண்டு தொடையையும் பின்புறத்தையும் இறுக்க வேண்டும், இரண்டு கையையும் கோத்து எதிரெதிரே இழுக்க வேண்டும். முடியாவிட்டால் வெட்கப்படாமல் தரையில் படுத்துவிட வேண்டும்.

கடைகளில் நிற்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. அதைச் சொல்லிக் கேட்டேன். பேச்சு வார்த்தைக்கு அப்புறம் எங்கள் பிரிவுக்கு இரண்டு ஸ்டூல் வந்தது.

இந்த ஆடியில் ஒரு மாலை மறுபடி வந்தது. காலைப் பின்னி இறுக்கினேன், போதவில்லை. கௌண்டருக்குப் பின்னால் அப்படியே படுத்துவிட்டேன். யாரோ தூக்க வந்தார்கள். கூட வேலை பார்க்கும் பெண் தடுத்து, "அக்காவைத் தொடாதீங்க, ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு, புடவை அட்டைப்பெட்டி ஒன்றை இழுத்து என் கால்களை அதன்மேல் தூக்கிவைத்தாள். இந்தத் தடவை நினைவு தப்பவில்லை. மேலே மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன்.