தீர்ப்பு எழுதும் தாளில் துப்பாக்கிச்சூடும் தற்காப்புரிமையும்: ஒவ்வொரு குண்டுக்கும் தனித் தீர்ப்பு

மாவட்ட நீதிபதி நேரடி நியமனத்துக்கான முதன்மைத் தேர்வின் முடிவு வெளியாகி, குற்றவியல் தாளில் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலான மதிப்பெண் கிடைத்திருக்கும் நிம்மதியில் இதை எழுதுகிறேன். நேர்முகத் தேர்வு எஞ்சியிருப்பதால், எல்லாம் அறிந்தவன் என்ற தோரணையில் பேசும் தகுதி எனக்கு இன்னும் வந்துவிடவில்லை. ஆனாலும் அந்தத் தாளில் பலரையும் தடுமாற வைத்த தற்காப்புரிமைக் கேள்வியை நான் அணுகிய முறை, அடுத்து எழுதவிருப்பவர்களுக்குப் பயன்படும் என்று உறுதியாக நம்புகிறேன். தேர்வின் அமைப்பு, பாடத்திட்டம் ஆகியவை உங்களுக்குத் தெரிந்தவையே என்பதால் நேராகக் கேள்விக்கு வருகிறேன்.

நிலத்தகராறு ஒன்றில் பகைமை கொண்ட மூவர், நள்ளிரவில் இரும்புக் கம்பிகளுடனும் அரிவாளுடனும் எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்ற வழக்கில் இப்படித்தான் குறிப்பிடுவோம்) வீட்டுக் கதவை உடைத்து உள்ளே நுழைகிறார்கள். எதிரி உரிமம் பெற்ற தன் கைத்துப்பாக்கியால் மூன்று முறை சுடுகிறார். முதல் குண்டு, கதவருகே நின்றவரின் தொடையில் பாய்கிறது. இரண்டாவது, எதிரியின் தம்பியை நோக்கி அரிவாளை ஓங்கியவரின் மார்பில் பாய, அவர் அங்கேயே இறக்கிறார். மூன்றாவது, கம்பியைக் கீழே போட்டுவிட்டு முற்றத்தைக் கடந்து வாயிலை நோக்கி ஓடியவரின் முதுகில் பாய்ந்து அவரும் இறக்கிறார். இவற்றுக்கிடையே ஊர்வலம், கடையடைப்பு, பத்திரிகைத் தலைப்புகள், இரு தரப்புக்கும் ஆதரவான அறிக்கைகள் என்று கேள்வித்தாளில் ஏறக்குறைய அரைப் பக்கம் நிரப்பப்பட்டிருந்தது. சாட்சியத்தை அலசித் தீர்ப்பு எழுதுக என்பது கேள்வி.

தேர்வறையை விட்டு வெளியே வந்தபோது நண்பர்கள் இரண்டு அணிகளாகப் பிரிந்து நின்றார்கள். வீடு புகுந்து தாக்கியவர்களைச் சுட்டது நியாயம், எனவே விடுதலை என்றது ஓரணி. முதுகில் சுட்டிருக்கிறார், எனவே கொலை என்றது மற்றொன்று. இரு அணியினரும் மூன்று குண்டுகளையும் ஒரே நிகழ்வாக எடுத்துக்கொண்டு, அந்த நிகழ்வுக்கு ஒரே பதிலைத் தேடியிருக்கிறார்கள். நான் செய்தது ஒன்றே ஒன்றுதான்: விடைத்தாளின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்து அதில் மூன்று புள்ளிகளை வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் அந்தக் கணத்தில் யார் எங்கே நின்றார், யார் கையில் என்ன இருந்தது, எதிரிக்கு எது தெரிந்திருந்தது என்று குறித்துக்கொண்டேன். அதற்குப் பிறகே எழுதத் தொடங்கினேன். என் மதிப்பெண்ணில் பாதி அந்தக் கோட்டுக்குரியது என்று சொன்னால் மிகையென்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் தற்காப்புரிமையைப் பேசும் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளை (பழைய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரை) வரிசையாக ஒப்பிப்பதைவிட, 40-ஆவது பிரிவை நடுவில் நிறுத்திப் படிக்க வேண்டும் என்பது என் துணிபு. தாக்குதல் நடந்து முடிந்திருக்க வேண்டியதில்லை, நியாயமான அச்சம் எழுந்த கணத்திலேயே உரிமை தொடங்குகிறது. அந்த அச்சம் நீடிக்கும்வரை மட்டுமே அது நீடிக்கிறது. 38-ஆவது பிரிவு உயிரைப் பறிக்கும் அளவுக்கு உரிமை எப்போது விரியும் என்பதையும், 37-ஆவது பிரிவு தேவைக்கு மேற்பட்ட தீங்கு கூடாது என்பதையும் சொல்கின்றன. ஆனால் இவ்விரண்டுக்கும் பொருள் கிடைப்பது, கடிகாரத்தை எந்த நொடியில் நிறுத்துகிறோம் என்பதை முடிவு செய்த பிறகே.

முதல் குண்டுக்கு அம்ஜத் கான் வழக்கின் தீர்ப்பை (1952) எடுத்துக்கொண்டேன். கலவரத்தின்போது பக்கத்திலிருந்த சகோதரரின் கடையைச் சூறையாடிய கூட்டம் தன் கதவையும் அடித்து உடைக்க முற்பட்டபோது சுட்டவரை உச்ச நீதிமன்றம் விடுவித்தது; கூட்டம் உள்ளே வந்து வெட்டும்வரை அவர் காத்திருக்க வேண்டியதில்லை என்பதே அதன் சாரம். இரண்டாவது குண்டுக்கு தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் அரசு (2010). தந்தையைக் கூரிய ஆயுதத்தால் தாக்கியவரை மகன் சுட்ட வழக்கு அது. விசாரணை நீதிமன்றம் விடுவித்தது, உயர் நீதிமன்றம் தண்டித்தது, உச்ச நீதிமன்றம் மீண்டும் விடுவித்தது. பிறர் உடலைக் காக்கவும் உரிமை உண்டு என்பதோடு, ஆபத்தின் நடுவில் நிற்பவர் தன் எதிர்ச்செயலைப் படிப்படியாக அளந்து செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதும் அதில் கிடைக்கிறது.

மூன்றாவது குண்டில்தான் கேள்வியாளர் வலை விரித்திருந்தார். சூரியன் மறைந்த பின் நடக்கும் வீடுடைப்புக்கு எதிராகச் சொத்தைக் காக்கும் உரிமை, 41-ஆவது பிரிவின்படி உயிரைப் பறிக்கும் அளவுக்கு விரியும். அந்த வீடுடைப்பில் தொடங்கிய வீட்டு அத்துமீறல் தொடரும்வரை உரிமையும் தொடரும் என்கிறது 43. இதை நம்பி, வாயிலைத் தாண்டாதவரை உரிமை நீடித்தது என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். வீட்டு அத்துமீறல் என்பது கட்டடத்துக்குள் நுழைவதையோ அதற்குள் இருப்பதையோ குறிப்பது. முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தவர் கட்டடத்தைவிட்டு வெளியேறியிருந்தார், கையில் ஆயுதமும் இல்லை. ஜெய் தேவ் எதிர் பஞ்சாப் அரசு (1963) இங்கே நேராகப் பொருந்துகிறது: எதிர்த்தரப்பினர் ஓடத் தொடங்கியபின் சுட்டவர்களுக்குத் தற்காப்புரிமை இல்லை.

அடுத்த கேள்வி, கொலையை வரையறுக்கும் 101-ஆவது பிரிவின் 2-ஆவது விதிவிலக்கு (தற்காப்புரிமையின் எல்லையை மீறி விளைவித்த மரணம் கொலையாகாது என்பது) பொருந்துமா என்பது. எல்லை மீறினால் உடனே இந்த விதிவிலக்கைப் போட்டு, கொலையாகாத மரணம் விளைவித்தலுக்கான 105-ஆவது பிரிவுக்கு இறக்கிவிடும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. உரிமை இருக்கும்போது அளவை மீறுவது ஒன்று. உரிமை முடிந்தபின் சுடுவது வேறொன்று. நல்லெண்ணம், முன்திட்டமின்மை, தேவைக்கு மேல் தீங்கு செய்யும் கருத்தின்மை ஆகிய மூன்றையும் அந்த விதிவிலக்கு கேட்கிறது. எதிரி படியிறங்கி, முற்றத்துக்கு வந்து, குறிபார்த்துச் சுட்டதாகச் சாட்சியம் இருந்ததால், அதை மறுத்து, கொலைக்கான 103(1)-இன் கீழ்க் குற்றவாளி என்று எழுதினேன். அவர் வாசலிலேயே நின்றபடி இரண்டாவது குண்டின் வேகத்திலேயே மூன்றாவதையும் சுட்டிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். முடிவைவிட அந்த வேறுபாட்டைச் சொன்னதே மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

மெய்ப்பிக்கும் பொறுப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 108-ஆவது பிரிவு (பழைய சாட்சியச் சட்டத்தின் 105) விதிவிலக்கை நிரூபிக்கும் பொறுப்பை எதிரியிடம் வைக்கிறது. ஆனால் அவர் அரசுத் தரப்பைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை; அது நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். அந்த அளவைக் கூட எட்டாத நிலையிலும், அவர் காட்டியது அரசுத் தரப்பின் கதையில் நியாயமான ஐயத்தை எழுப்பினால் அதன் பயன் அவருக்கே என்பதை விஜயீ சிங் வழக்கு (1990) விளக்குகிறது. கேள்வியில் எதிரி விசாரணையின்போது எல்லாவற்றையும் மறுத்தாரே தவிரத் தற்காப்பு என்று வாயே திறக்கவில்லை. அதனால் அந்த வாதத்தைப் பரிசீலிக்க இயலாது என்று எழுதியவர்களுக்கு முன்ஷி ராம் வழக்கை (1968) பரிந்துரைக்கிறேன். அரசுத் தரப்புச் சாட்சிகளின் குறுக்கு விசாரணையிலிருந்தே அது வெளிப்பட்டால் நீதிமன்றம் அதைக் கவனித்தாக வேண்டும். அமெரிக்க வழக்குகளை நேரலையில் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே கூடுதல் எச்சரிக்கை தேவை. 2021-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷாவில் நடந்த புகழ்பெற்ற கைல் ரிட்டன்ஹவுஸ் துப்பாக்கிச்சூட்டு விசாரணையில், தற்காப்பு இல்லை என்பதை ஐயத்துக்கு அப்பால் நிரூபிக்கும் சுமை அரசின் மீது இருந்தது. அந்த அளவுகோலை நம் விடைத்தாளுக்குள் கொண்டுவந்தால் தீர்ப்பு முழுவதும் சாய்ந்துவிடும்.

மருத்துவச் சான்றை மேற்கோளாகக் காட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். நுழைகாயம் உடலின் எந்தப் பக்கம், காயத்தைச் சுற்றிக் கருமையோ வெடிமருந்துத் துகள்கள் பதிந்த புள்ளிகளோ (அருகிலிருந்து சுட்டதன் அடையாளங்கள்) உள்ளனவா என்பவை, நேரில் கண்ட சாட்சி சொல்லும் தொலைவோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும். மார்புக் காயத்தைச் சுற்றி அந்தப் புள்ளிகள் இருந்தன, முதுகுக் காயத்தில் இல்லை. என் கோட்டில் நான் குறித்த கடைசி இரண்டு கணங்களுக்கும் இதைவிட வலுவான ஆதாரம் தேவைப்படவில்லை. தம்பியின் முன்கையில் இருந்த வெட்டுக்காயத்தை அரசுத் தரப்பு விளக்காமல் விட்டதற்கு, எதிரித் தரப்பின் காயங்களை விளக்காவிட்டால் அரசுத் தரப்பின் கதை ஐயத்துக்குள்ளாகும் என்ற லட்சுமி சிங் வழக்கை (1976) குறிப்பிட்டேன்.

அரைப் பக்க ஆரவாரத்தை என்ன செய்வது? நான் அதற்கு ஒரு வாக்கியமே கொடுத்தேன்: அவை சாட்சியமல்ல, பரிசீலிக்கப்படவில்லை. கடற்படை அதிகாரி நானாவதி தன் மனைவியின் காதலரைச் சுட்டுக்கொன்ற வழக்கைப் படித்திருந்தது இதற்கு உதவியது. 1959-இல் பம்பாயில் நடந்த அந்தத் துப்பாக்கிச்சூட்டில் பத்திரிகைகளும் பொதுமக்களும் எதிரியின் பக்கம் சாய்ந்திருந்தார்கள். ஜூரிகள் எட்டுக்கு ஒன்று என்று விடுவிக்கச் சொன்னார்கள். அந்த முடிவை ஏற்காத செஷன்ஸ் நீதிபதி வழக்கை உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப, தண்டனை விதிக்கப்பட்டு 1961-இல் உச்ச நீதிமன்றத்தில் உறுதியானது. கைகலப்பில் தற்செயலாகச் சுடப்பட்டது என்ற வாதத்தை முறித்தவற்றுள், இறந்தவரின் இடுப்பில் கழலாமல் இருந்த துண்டும் ஒன்று. அதைத் தற்காப்புரிமை வழக்கு என்று சிலர் மேற்கோள் காட்டுவதைப் பார்க்கிறேன். அங்கே எழுந்த வாதங்கள் தற்செயலும் சினமூட்டலும்தான்.

படிப்பு முறை பற்றிச் சுருக்கமாக:

நீளமான வழக்குப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொன்ன பயிற்சி மையத்தில் நான் நிலைக்கவில்லை. ஐந்தாறு தீர்ப்புகளை முழுமையாக, குறிப்பாக உண்மை நிகழ்வுகள் பகுதியை நிதானமாகப் படியுங்கள். நினைவாற்றல் மிக்கவர்களுக்கு வேறு வழி சரியாக இருக்கலாம்.

ராம் ஸ்வரூப் வழக்கை (1974) தவறவிடாதீர்கள். சண்டையைத் தேடி ஆயுதத்தோடு போனவர் தற்காப்பைக் கோர முடியாது என்பதற்கு அதைவிடத் தெளிவான தீர்ப்பை நான் படித்ததில்லை.

புதிய பிரிவு எண்ணை முதலில், பழையதை அடைப்புக்குறிக்குள். 1 ஜூலை 2024-க்கு முந்தைய சம்பவம் என்றால் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். கேள்வியில் உள்ள தேதியைப் பாருங்கள்.

நிகழ்வுகளை மறுபடி எழுதி ஒன்றரைப் பக்கத்தை வீணாக்காதீர்கள்.

குற்றச்சாட்டுவாரியாக முடிவு சொல்லுங்கள். முதல் இரண்டு குண்டுகளுக்கு உரிய குற்றச்சாட்டுகளில் விடுதலை, மூன்றாவதில் குற்றவாளி என்று பிரித்து எழுதியபின், தண்டனையின் அளவு பற்றி எதிரியைக் கேட்டதைப் பதிவு செய்ய வேண்டும்; அதற்குப் பிறகுதான் தண்டனைப் பத்தி. சான்றுப் பொருள்களுக்கான உத்தரவையும், குறிப்பாக உரிமம் பெற்ற அந்தத் துப்பாக்கி மேல்முறையீட்டுக் காலம் முடியும்வரை யார் பொறுப்பில் இருக்கும் என்பதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.