மழையோடு வரும் பிரீமியம்

மும்பை செம்பூரில் ஜூலை என்றால் மழை, எங்கள் வீட்டில் கூடவே அப்பா அம்மாவின் மெடிக்ளெய்ம், அதாவது மருத்துவக் காப்பீட்டு, பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்லும் மெயிலும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு 18% ஜிஎஸ்டி கிடையாது என்று அறிவித்தபோது அப்பாடா என்றிருந்தது. போன வருடம் வரியோடு 47,200 கட்டினேன். இந்த வருடம் வரியே இல்லாமல் 52,000 கேட்கிறார்கள்.

"உடம்பு நல்லாத்தானேடா இருக்கு, நிறுத்திடேன்" என்கிறார் அப்பா. சர்க்கரை இருக்கிற மனுஷன் பேசுகிற பேச்சா இது? ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காப்பீட்டுப் பணம் கிடைக்காத காத்திருப்புக் காலம் மூன்று வருடம் வரை போகலாம், எங்களுக்கு அது இப்போதுதான் முடிந்தது, இன்று விட்டுவிட்டு நாளை புதிதாக எடுத்தால் மறுபடி முதலிலிருந்து.

சரி, முனிசிபல் ஆஸ்பத்திரி இருக்கிறதே என்பீர்கள். அம்மாவுக்கு ஸ்கேன் எடுக்கப் போய், காலை ஆறரைக்கே வரிசையில் நின்று, பத்து வாரம் தள்ளித் தேதி வாங்கி வந்தோம். டாக்டர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை, அந்தப் பெண் டாக்டர் டீ குடித்தே எத்தனை மணி நேரம் ஆகியிருந்ததோ. ஆனால் வார்டில் இரண்டு கட்டிலுக்கு நடுவே தரையிலும் ஒரு நோயாளி படுத்திருந்தார்.

எழுபது வயதானால் வருமானம் பார்க்காமல் அரசின் ஆயுஷ்மான் கார்டு, குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை இலவச சிகிச்சை. அப்பாவுக்கு இப்போது 66. இன்னும் நான்கு ஜூலை. இந்த வருடத்துக்குச் சீட்டுப் பணத்தை எடுத்துவிட்டேன், அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.