வாரண்ட் இல்லாத சோதனையும் மதுரைக் கிளையில் எங்கள் மேல்முறையீடும்

கஞ்சா வழக்கில் தம்பிக்கு மூன்றாண்டு கடுங்காவல் என்று சிறப்பு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன அன்று மாலையே அவனைத் திருச்சி மத்திய சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். என் கையில் மிஞ்சியது தீர்ப்பின் நகல் மட்டும். சிறைத்தண்டனை பெற்றவருக்கு அதை உடனே இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம். வாங்காமல் நீதிமன்ற வாசலை விட்டு வராதீர்கள்.

ரகசியத் தகவல் வந்ததாகச் சொல்லி நடுநிசியில் போலீசார் எங்கள் வீட்டுக்குள் வந்தார்கள். வாரண்ட் இல்லை. பரணில் விதைநெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒரு பையில் கஞ்சா இருந்ததாக மகஜர் (கைப்பற்றியதற்கான பதிவு) எழுதினார்கள். எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ஒரு கிலோவுக்குக் கீழே இருந்தால் சிறிய அளவு, 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. இடைப்பட்டதற்குப் பத்தாண்டு வரை தண்டனை உண்டு. வணிக அளவாக இருந்தால் ஜாமீனுக்குப் போதைப்பொருள் சட்டத்தின் 37-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும். எங்களுக்கு அந்தத் தடை இல்லை.

எங்கள் தஞ்சை மாவட்டத்து வழக்குகள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும். பக்கத்திலேயே இருக்கும் திருவாரூர், நாகை மாவட்டத்தார் சென்னைக்குப் போக வேண்டும். மேல்முறையீடு தாக்கல் செய்ய 60 நாள் அவகாசம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் சிறை வழியாகவே மேல்முறையீடு அனுப்பலாம். சட்டப் பணிகள் குழு வக்கீல் அமர்த்தித் தரும்.

மதுரை வக்கீல் தீர்ப்பை ஒருமுறை புரட்டிவிட்டு ஓரமாக வைத்தார். “சாட்சியம் எங்கே அம்மா?” என்றார். நகல் மனு போட்டு எல்லாச் சாட்சிகளின் வாக்குமூலத்தையும் வாங்கிக் கொடுத்தேன். சோதனை நடத்திய ஆய்வாளரின் குறுக்கு விசாரணைக்கு வந்ததும் வக்கீல் பென்சிலை எடுத்தார். ஆய்வாளர் அதில் சொல்லியிருந்தது: “ரகசியத் தகவலை நான் எழுத்தில் பதிவு செய்யவில்லை என்றால் சரிதான். மேலதிகாரிக்கு அனுப்பியதாக ஆவணம் எதுவும் தாக்கல் செய்யவில்லை என்றால் சரிதான்.” இரண்டு வரிக்கும் அடியில் கோடு விழுந்தது.

போதைப்பொருள் சட்டத்தின் 42-ஆவது பிரிவு, வாரண்ட் இல்லாமல் வீட்டைச் சோதிக்க அதிகாரம் தருகிறது. ஆனால் வந்த தகவலை எழுத வேண்டும். பொழுது சாய்ந்தபின் நுழைந்தால், வாரண்ட் வாங்க ஏன் நேரமில்லை என்று எழுத வேண்டும். நகல் 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்குப் போக வேண்டும். பத்தாண்டு உள்ளே வைக்கக்கூடிய சட்டம் கதவைத் தட்டுகிறவரிடம் கேட்பது நாலு வரி எழுத்து. அதையும் எழுதாமல் என் தாய் படுத்திருந்த அறைக்குள் பூட்ஸ் காலோடு நுழைந்ததை என்னால் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஊரில் விவரம் தெரிந்தவர்கள் எல்லோரும் 50-ஆவது பிரிவையே சொன்னார்கள். அது உடம்பைச் சோதிப்பதற்கானது. பைக்கோ வீட்டுக்கோ பொருந்தாது என்று வக்கீல் தள்ளிவிட்டார். தம்பியைப் பேருந்து நிலையத்தில் பிடித்திருந்தால் 42-ஆவது பிரிவும் கைகொடுத்திருக்காது. பொது இடத்துக்கு 43-ஆவது பிரிவு.

மேல்முறையீட்டோடு தண்டனையை நிறுத்திவைக்கும் மனுவும் போட்டோம். இரண்டு ஜாமீன்தாரர்களோடு தம்பி வெளியே வந்தான். பிறகு நெடுங்காலம் காத்திருப்புதான். அறுவடைகள் வந்து போயின.

இறுதி விசாரணை சீக்கிரமே முடிந்தது. கர்னைல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-இல் சொன்னதை அரசு வக்கீல் எடுத்தார்: அவசரத்தில் எழுதத் தாமதமானால், தக்க விளக்கம் இருந்தால் ஏற்கலாம். எங்கள் வக்கீல் அதே தீர்ப்பின் அடுத்த பகுதியை வாசித்தார்: அடியோடு பின்பற்றாமல் விடுவதை ஏற்க முடியாது. தாமதமாகவாவது எழுதிய தாள் எங்கே என்று நீதிபதி கேட்டார். தாள் இல்லை. தண்டனை ரத்தானது.

“அப்படியானால் கஞ்சா இருந்ததா இல்லையா?” என்று உறவினர்கள் இன்றும் கேட்கிறார்கள். தன்னுடையதல்ல என்கிறான் தம்பி, நான் நம்புகிறேன். நீதிமன்றம் விடுதலை செய்ததற்குக் காரணம் என் நம்பிக்கையல்ல, ஆய்வாளரின் வாயிலிருந்தே வந்த அந்த இரண்டு வரிகள். அதனால்தான் சொல்கிறேன்: வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால், ஆள்பிடிக்க அலைவதற்கு முன் குறுக்கு விசாரணை நகலை வாங்கி உட்கார்ந்து படியுங்கள்.

கட்டிய அபராதத்தைத் திருப்பித் தரவும் தீர்ப்பில் உத்தரவு இருந்தது. அது தானாக வீடு தேடி வராது. உயர் நீதிமன்றத் தீர்ப்பு நகலை இணைத்து, தண்டனை விதித்த நீதிமன்றத்தில் தனியாக மனுப் போட்டு வாங்க வேண்டும்.