பிரிசிஷனா, ஜாஸா?

மூன்று சனிக்கிழமையாகச் சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ கிட்டார் கடைக்கு நடையாய் நடக்கிறேன். என்னைப் பார்த்தாலே கடைக்காரத் தவுக்கே சிரிக்கிறார்.

இரண்டுமே பழைய பேஸ் கிட்டார். ஒன்று ஃபெண்டர் 1951-இல் கொண்டுவந்த பிரிசிஷன் வடிவம், மற்றது 1960-இல் வந்த ஜாஸ். ஜாஸின் கழுத்து தலைப்பக்கம் ஒடுங்கியிருக்கும்; என் குட்டை விரலுக்குச் சொர்க்கம். ஆனால் அதன் இரண்டு பிக்கப்பின் (கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தச் சுருள்) சத்தத்தையும் சமமாக வைத்தால்தான் அமைதி. ஒன்றைக் குறைத்தால் போதும், உர்ரென்று இரைச்சல் கிளம்பிவிடும். நம் தோட்டத்து மண்டபத்தில் ஓயாமல் சிமிட்டும் குழல் விளக்குக்குக் கீழே கல்யாண விருந்துக்கு வாசிப்பவனுக்கு இது சின்ன விஷயமா?

பிரிசிஷனுக்கு அந்தத் தொல்லை இல்லை. 1957 முதல் அதன் பிக்கப் இரண்டு துண்டு. இரைச்சலைத் தானே அடக்கிக்கொள்ளும். இருப்பது ஒரே சத்தம்தான், ஆனால் தடித்த சத்தம். கீபோர்டு அண்ணன் எவ்வளவு ஏற்றினாலும் அமுங்காது. (அவர் ஏற்றுவார்.)

சரி, பிரிசிஷனுக்கே 200 வெள்ளி முன்பணம் கொடுத்துவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் யாரும் இங்கே வாழ்த்துச் சொல்லித் தொலைக்காதீர்கள்.