டேக்கிள் பார்ப்பது எப்படி: கொஞ்சம் கை, நிறைய கால்

அமெரிக்கன் ஃபுட்பாலில் கை நீளச் சண்டை இந்த வருஷமும் ஆரம்பித்துவிட்டது. காலேஜ் ஆட்டக்காரர்களை என்எஃப்எல் (அங்குள்ள தொழில்முறை லீக்) அணிகள் ரவுண்டு ரவுண்டாக எடுக்கிற டிராஃப்ட் வருகிறதே, அதற்காகத்தான். இண்டியானாபொலிஸில் அதற்கு முன் அவர்களை அளந்து, ஓடவிட்டுப் பார்க்கிற கம்பைன் முடிந்த கையோடு, இன்ன டேக்கிளின் கை 33 அங்குலத்துக்குக் கீழே என்று ஒரு நிருபர் எழுதிவிட்டால் போதும், நேற்று வரை முதல் பத்துக்குள் போவான் என்று சத்தியம் பண்ணினவர்களே அவனை கார்டு இடத்துக்குத் தள்ளிவிடுவார்கள். மூன்று வருஷம் காலேஜில் ஆடிய ஆட்டம் ஒரு பக்கம் கிடக்கும், அரை அங்குலம் பெரிய பேச்சாகிவிடும்.

என் பக்கம் புதிதாக வருகிறவர்களுக்காகச் சுருக்கமாக. அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்து யார் கையில் இருக்கிறதோ அந்த அணிக்கு முன்னால் ஐந்து தடியன்கள் வரிசை கட்டி நிற்பார்கள். நடுவில் சென்டர், அவனுக்கு இரண்டு பக்கமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள். பெரும்பாலும் ஆளுக்கு 300 பவுண்டுக்கு மேல், அதாவது 136 கிலோவைத் தாண்டிய உடம்பு. சென்டர் பந்தைப் பின்னால் கொடுப்பான், மற்ற நாலு பேரும் ஆட்டம் முழுக்கப் பந்தைத் தொடாமலே வீட்டுக்குப் போனாலும் போவார்கள். அந்தப் பந்தை வாங்கி வீசுகிற குவார்ட்டர்பேக் மேல் எவனும் பாயாமல் தடுக்க வேண்டும், ஓடுகிறவனுக்கு வழி திறக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஸ்கோர் போர்டில் பேர் வராது. வீசிய பந்தைப் பிடிக்கிற ரிசீவர் என்றால் இத்தனை கேட்ச், இத்தனை கெஜம் என்று எழுதிவிடலாம், இந்த வரிசையில் நிற்கிற லைன்மேனுக்கு வீடியோதான் கதி. (கத்தாரில் வேலை பார்த்த காலத்தில் ஒரு அமெரிக்க சூப்பர்வைசர் பிடிக்க வைத்த பைத்தியம் இது. எங்கள் ஊர் மண்டபத்துக்குத் திரும்பி வந்தும் விடவில்லை.)

வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு வசதி உண்டு. டிவி கேமரா பந்தைத்தான் பிடிக்கும், தூரத்தில் ஓடுகிற ரிசீவரும் அவனைத் துரத்துகிறவனும் திரைக்கு வெளியே போய்விடுவார்கள். ஆனால் ஸ்னாப் ஆகிற, அதாவது சென்டர் பந்தைப் பின்னால் கொடுக்கிற நொடியில் பந்து இருப்பது லைன் நடுவில்தான். ஆகவே முதல் இரண்டு மூன்று நொடிக்கு ஐந்து பேரும் திரையில் இருப்பார்கள், அது போதும். ஒரு ஆளை மட்டும் பிடித்துக்கொண்டு, பந்து எங்கே போனது என்று கவலைப்படாமல், நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். முதலில் கண் கேட்காது, தானாகப் பந்து பின்னாலேயே ஓடும்.

அதிலும் நிறைய ஆட்டத்தைத் தூக்கிப் போட வேண்டியிருக்கும். இப்போது காலேஜில் பெரும்பாலான அணிகள் ஆட்களை அகலமாகப் பரப்பி நிறுத்துகிற ஸ்பிரெட் ஆட்டம்தான் ஆடுகின்றன. குவார்ட்டர்பேக் பந்தை வாங்கிய வேகத்தில் பக்கவாட்டில் வீசிவிடுகிறான், டேக்கிளுக்கு ஒன்றரை நொடி நின்றால் வேலை முடிந்தது. இல்லையென்றால் ஆர்பிஓ: ஓடவும் செய்யலாம் வீசவும் செய்யலாம் என்கிற ஆட்டம், அதில் லைன் மொத்தமும் ஓட்டத்துக்குத் தடுப்பது போலவே முன்னால் போகும். காலேஜில் லைன்மேன் 3 கெஜம் வரை முன்னால் போனாலும் பந்தை வீசலாம், என்எஃப்எல்லில் அது 1 கெஜம்தான். ஆகவே அங்கே நன்றாக ஓடிய வித்தை இங்கே அப்படியே ஓடாது. இந்த ஸ்னாப்களில் ஒருவன் எதிராளியைக் கிட்டவே விடவில்லை என்று புள்ளிவிவரம் காட்டினால், சரி, சந்தோஷம் என்று தாண்டிப் போய்விடலாம். நான் தேடுவது மூன்றாவது டவுன் (முன்னேறக் கிடைக்கிற வாய்ப்புகளில் மூன்றாவது), எட்டுப் பத்து கெஜம் பாக்கி. வீசப் போகிறார்கள் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். எதிரே நிற்கிறவன் காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நிற்பான். அங்கேதான் டேக்கிள் யார் என்று தெரியும்.

2014-ல் டேக்கிள் கிரெக் ராபின்சன் கதை தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஆபர்ன் காலேஜ் அணி, ஓட்டத்திலேயே ஊறிய அணி. 332 பவுண்டு உடம்பை வைத்துக்கொண்டு 40 கெஜத்தை 4.92 நொடியில் ஓடினான். ஓட்டத்துக்குத் தடுக்கும்போது எதிரே நின்றவனைத் தரையில் புதைத்தான், வீடியோ பார்க்கவே ஆனந்தமாக இருக்கும். ராம்ஸ் அணி இரண்டாவது ஆளாக எடுத்தது. பாஸ் தடுக்கத் தெரியவில்லை, கடைசி வரை வரவும் இல்லை, 2017-ல் டெட்ராய்ட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். அதே ராம்ஸ் அதே டிராஃப்டில் 13-ஆவதாக எடுத்த ஆள், தடுப்பாட்டத்தில் பின்னாளில் பெரும் பேர் வாங்கிய ஆரன் டோனல்ட். ஒரே அறை, ஒரே மேஜை, ஆள் பார்த்துத் தேர்வு சொல்கிற ஒரே ஸ்கவுட்டுகள்!

காலுக்கு வருகிறேன். எங்கள் பெரியம்மா மகன், அண்ணன், இந்தப் பக்கம் திருவிழாக் கபடியில் பல வருஷம் கார்னர் ஆடியவர். முழங்கால் போனபிறகு பையன்களுக்குப் பழக்கிவிடுகிறார். அமெரிக்கன் ஃபுட்பாலில் அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசை இல்லை. ஒரு நாள் என் செல்லில் ஓடிக்கொண்டிருந்த ஒரு டேக்கிள் வீடியோவை எட்டிப் பார்த்துவிட்டு, நாலாவது ஸ்னாப்பிலேயே, "என்னடா இவன் இடுப்ப வளைக்கிறான், முட்டிய மடக்கச் சொல்லு" என்றார். ஏன்ணே என்று கேட்டேன். "தலை முன்னாடி போயிருச்சுன்னா கால் செத்துரும்டா. இழுத்தா குப்புற விழுவான் பாரு." இரண்டு ஸ்னாப் கழித்து எதிராளி அவன் தோளைப் பிடித்துச் சுண்டினான், ஆள் குப்புற விழுந்தான். ஸ்கவுட்டுகள் எழுதுகிற அறிக்கையில் இதை வேஸ்ட் பெண்டர் (இடுப்பை வளைக்கிறவன்) என்பார்கள், அந்தப் பட்டம் விழுந்துவிட்டால் ஒரு ரவுண்டாவது கீழே இறங்க வேண்டியதுதான்.

டேக்கிளின் கால் வேலை பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும். வெளிக்கால் பின்னோக்கிச் சாய்வாக வழுக்கும், உள்கால் பின்தொடரும், மறுபடி வெளிக்கால். கிக் ஸ்லைடு என்று பேர். இரண்டு பாதமும் ஒருபோதும் ஒட்டக்கூடாது, ஒன்றையொன்று தாண்டவும் கூடாது, உடம்பு மேலும் கீழும் குதிக்கக்கூடாது. எதிராளி வெளிப்பக்கம் வேகமாகப் பாய்கிறான், இவன் பதறிப்போய் இடுப்பை வெளியே திருப்பிவிட்டான் என்றால் உள்பக்கம் கதவு திறந்தாயிற்று, அவன் ஒரு அடி உள்ளே வெட்டினால் நேராகக் குவார்ட்டர்பேக் மார்பு. ரெய்டர் போனஸ் கோட்டுக்குக் காலை நீட்டிக் காட்டும்போது அவசரப்பட்டுப் பாய்கிற கார்னருக்கு ஆகிற கதிதான். காட்டுகிற காலுக்கு ஏமாறாமல் எடையை நடுவிலேயே வைத்திருக்கிறானா என்பதை, ஸ்னாப்பை மெதுவாக ஓட்டி, மார்பை விட்டுவிட்டு முட்டிக்குக் கீழே மட்டும் பார்த்தால் பிடித்துவிடலாம்.

ஆனால் எனக்கு இதையும் விட முக்கியம், அவன் தோற்கிற ஸ்னாப். ஜெயித்ததை மட்டும் வெட்டி ஒட்டி ஏஜெண்டுகள் வீடியோ போடுவார்கள், அதில் எல்லோரும் மகாராஜாக்கள்தான். ஒரு ஆட்டத்தில் அறுபது எழுபது ஸ்னாப் வரும், எப்பேர்ப்பட்டவனும் சிலதில் முதல் மோதலில் தோற்பான். கை தட்டிவிடப்படும், அல்லது எதிராளி நெஞ்சில் கை வைத்துப் பின்னால் தள்ளிக்கொண்டே வருவான். அப்புறம் என்ன? சிலர் அதோடு முடிந்தார்கள், திரும்பிப் பார்த்து ஜெர்சியைப் பிடித்து இழுப்பார்கள், ஹோல்டிங், 10 கெஜம் தண்டம். சிலர் இரண்டு அடி விட்டுக்கொடுத்து, சின்னதாக ஒரு குதி குதித்து, பிட்டத்தைத் தாழ்த்திக் காலை ஊன்றி, மூன்றாவது அடியில் நின்றுவிடுவார்கள். முதல் கை போனால் இரண்டாவது கையை உள்ளே கொண்டுவந்து மறுபடி பிடிப்பார்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், குவார்ட்டர்பேக்குக்கு அந்த இரண்டரை நொடி கிடைத்துவிடும். என்எஃப்எல்லில் எதிரே நிற்கிறவர்கள் எல்லோரும் காலேஜில் நட்சத்திரமாக இருந்தவர்கள், முதல் மோதலில் தினமும் ஜெயிக்க முடியாது. இதைத்தான் நான் தனியாக ஒரு நோட்டில் குறிக்கிறேன்: தோற்றான், மீண்டானா. அதோடு இன்னொன்று, முதல் கால் மணியில் எந்த வித்தைக்கு ஏமாந்தானோ அதே வித்தை கடைசிக் கால் மணியில் வந்தபோது ஏமாந்தானா.

சரி, கை. நீளமான கைக்கு மதிப்பு இல்லை என்று சொல்ல வரவில்லை. யார் கை முதலில் மற்றவன் நெஞ்சில் படுகிறதோ அவனுக்குத்தான் பிடி, அதனால்தான் டேக்கிளுக்கு 34 அங்குலம், 86 சென்டிமீட்டர், வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். பீட்டர் ஸ்கோரான்ஸ்கிக்கு 32¼, டைட்டன்ஸ் 2023-ல் 11-ஆவதாக எடுத்து கார்டு ஆக்கிவிட்டது, அதில் தப்பும் இல்லை. ஆனால் வில் கேம்ப்பெல்லைப் பாருங்கள். கம்பைனில் 32⅝ அங்குலம், சில வாரம் கழித்து அவன் காலேஜிலேயே அளந்தபோது 33. கை வளர்ந்ததா, டேப் சுருங்கியதா? இந்த அளவில்தான் கோடிக்கணக்கான டாலர் தொங்குகிறது. பேட்ரியட்ஸ் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு 2025-ல் நாலாவதாக எடுத்து இடது டேக்கிளிலேயே நிறுத்தியது. ரஷான் ஸ்லேட்டருக்கு 33. முதல் வருஷமே ஆல்-புரோ (அந்த வருஷத்துச் சிறந்தவர்கள் பட்டியல்) இரண்டாம் அணியில் வந்தான்.

ஜோ தாமஸுக்கு 32½ அங்குலம்தான். 2007 டிராஃப்ட் அன்று நியூயார்க் வா என்று கூப்பிட்டார்கள், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு அப்பாவோடு மிச்சிகன் ஏரிக்கு மீன் பிடிக்கப் போய்விட்டான். கிளீவ்லேண்ட் மூன்றாவது ஆளாகப் பேரை அறிவித்தபோது படகில் இருந்தான். அதற்குப் பிறகு ஒரு ஸ்னாப் விடாமல் தொடர்ந்து 10,363 ஸ்னாப். 2023-ல் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம். மண்டபத்தில் படகுக்காரர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் ஸ்னாப் கணக்கை எவரும் காதில் வாங்குவதில்லை, ஏரியில் என்ன மீன் பட்டது என்றுதான் கேட்கிறார்கள்.

கம்பைனில் எனக்குப் பிடிக்காதது பெஞ்ச் பிரஸ். 225 பவுண்டை எத்தனை தடவை தூக்குகிறான் என்று எண்ணுவது. கை குட்டையாக இருந்தால் தூக்க வேண்டிய தூரமும் குறைவு, எண்ணிக்கை ஏறும். அதாவது ஒரு அளவில் மைனஸ் வாங்கினவன் இன்னொன்றில் பிளஸ் வாங்குவான், இரண்டையும் ஒரே ஆள் வாய் பிளந்து பேசுவான். தாண்டுவதும் முதல் 10 கெஜம் ஓட்டமும் வேறு, அவற்றை நான் மதிக்கிறேன். 2020-ல் நாலு டேக்கிள்களை வைத்து ஊரே அடித்துக்கொண்டது. ஆண்ட்ரூ தாமஸ் 4, ஜெட்ரிக் வில்ஸ் 10, மெக்காய் பெக்டன் 11, டிரிஸ்டன் விர்ஃப்ஸ் 13. பெக்டன் 364 பவுண்டோடு 5.10 நொடியில் ஓடியபோது எல்லோருக்கும் மயக்கமே வந்துவிட்டது. விர்ஃப்ஸ் நின்ற இடத்திலிருந்து 36½ அங்குலம் எகிறினான். நாலு பேரில் கடைசியாகப் போன அந்த விர்ஃப்ஸ்தான், முதல் வருஷமே குவார்ட்டர்பேக் டாம் பிரேடிக்குக் காவல் நின்று என்எஃப்எல் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல் ஜெயித்தான். என் கணக்கில் நாலு பேரில் அவன்தான் முதல். ஆண்ட்ரூ தாமஸும் சும்மா இல்லை, முதல் சீசனில் தடுமாறி, 2022-ல் ஆல்-புரோ இரண்டாம் அணிக்கு வந்தான். மீண்டானா என்று கேட்டேனே, அதுதான்.

உடம்பைப் பார்த்து மயங்கியதற்குப் பழைய உதாரணம் டேக்கிள் டோனி மாண்டரிச். 1989-ல் பேக்கர்ஸ் இரண்டாவதாக எடுத்தது, எதிர்பார்த்தபடி ஆடவில்லை. அந்த டிராஃப்டில் 1, 3, 4, 5 என்று போன நாலு பேரும் இன்று ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள். மாண்டரிச் பின்னாளில் ஸ்டீராய்டு எடுத்ததை ஒப்புக்கொண்டான்.

டிராஃப்டுக்கு முன் காலேஜ் ஆட்டக்காரர்கள் ஆடிக் காட்டுகிற சீனியர் பௌல் பயிற்சியில் ஒத்தைக்கு ஒத்தை மோதுகிற வீடியோக்களை வைத்து யாரையும் கழித்துவிடாதீர்கள். அங்கே பக்கத்தில் உதவிக்குக் கார்டு கிடையாது, திறந்த வெளி, பாய்கிறவனுக்குத்தான் சாதகம். முதல் நாளைக்கும் மூன்றாம் நாளுக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்று மட்டும் பார்க்கலாம்.

இடம் மாற்றுவதை அவமானம் மாதிரிப் பேசுகிறார்கள், அதுவும் எனக்குப் புரிவதில்லை. ஸாக் மார்ட்டின் நோட்டர் டேமில் டேக்கிள். டாலஸ் 2014-ல் 16-ஆவதாக எடுத்து கார்டில் போட்டது. ஏழு தடவை ஆல்-புரோ முதல் அணி. ஜேசன் கெல்சி சென்டருக்கே சின்ன உடம்பு, 2011-ல் ஆறாவது ரவுண்டில் 191-ஆவது ஆள், ஆறு தடவை ஆல்-புரோ முதல் அணி.

அண்ணனிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது, நம்ம பயலுக யாரும் போக முடியாதாடா என்றார். ஜோர்டன் மைலாட்டா கதையைச் சொன்னேன். ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடியவன், இந்த ஆட்டத்தை வாழ்நாளில் ஒரு தடவைகூட ஆடியதில்லை, பார்க்க ஒரு ஸ்னாப் வீடியோ கிடையாது. 6 அடி 8 அங்குலம், 346 பவுண்டு, அந்த உடம்புக்குக் கால் நகர்கிற விதத்தை மட்டும் பார்த்து ஈகிள்ஸ் 2018-ல் ஏழாவது ரவுண்டில் 233-ஆவதாக எடுத்தது. ஜெஃப் ஸ்டவுட்லேண்ட் என்கிற கோச் உட்கார வைத்துப் பழக்கினார், இடது டேக்கிள் ஆனான், 2025 பிப்ரவரியில் சூப்பர் பௌலும் ஜெயித்தாயிற்று. "346 பவுண்டுன்னா எத்தன கிலோடா?" 157 என்றேன். புரோ கபடியில் 85 கிலோ உச்சவரம்பு. அண்ணன் தன் பையன்களில் இரண்டு பேரைக் கூட்டிக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

பார்க்க நினைப்பவர்களுக்கு: டிராஃப்டின் முதல் ரவுண்டு நமக்கு வெள்ளிக்கிழமை காலை ஐந்தரைக்கு. டேக்கிள்கள் பெரும்பாலும் அதில் போவார்கள். எனக்கு அதைவிட சனிக்கிழமை விடிகாலை நாலரைக்குத் தொடங்குகிற இரண்டாவது, மூன்றாவது ரவுண்டுதான் பிடிக்கும். கை குட்டை என்று முதல் நாள் ஒதுக்கப்பட்டவர்களும், நல்ல கார்டுகளும் சென்டர்களும் நிறையப் பேர் அதில்தான் போவார்கள். நோட்டில் நான் குறித்து வைத்திருக்கிற பேர்களை வியாழக்கிழமை இங்கே போடுகிறேன், திட்டுகிறவர்கள் சனிக்கிழமை வரை பொறுக்கவும்.